முப்பது நாள் கொத்தனார் பயிற்சி: போய் வந்தவள் சொல்கிறேன்

பதினாறு வருடமாகச் சும்மாடு கட்டிக் கலவை சுமக்கிறேன். எந்த மேஸ்திரியும் ஒருநாள்கூட என் கையில் கரணையைக் கொடுத்ததில்லை. சென்னையில் கூவம் ஓரத்திலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்புக்கு எங்களை மாற்றியபிறகு வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தாலே பெரிது. சரி, சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாகப் போய்த்தான் பார்ப்போமே என்று இலவசக் கொத்தனார் பயிற்சியில் பெயர் கொடுத்தேன்.

வாத்தியார் தங்கமான மனுஷன். முதல் மூன்று நாள் கல்லையே தொடவிடவில்லை. நூல் பிடிப்பது, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டு, மட்டம் பார்க்கும் ரசமட்டம் இவ்வளவுதான். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறி போட்டு, குறுக்கே 5 அடி வருகிறதா என்று டேப் பிடிக்கச் சொன்னார். மேஸ்திரி நூலை வைத்துக்கொண்டு ஏதோ மந்திரம் போடுகிறார் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

பழகுவதற்குச் சுண்ணாம்புக் கலவைதான். சிமெண்ட் என்றால் இறுகிவிடும், கல் வீண். மாலையில் நாமே சுவரைப் பிரித்து, கல்லைச் சுரண்டி அடுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். என் முதல் சுவர் ஐந்தாவது வரிசையிலேயே வயிறு தள்ளிவிட்டது. பிரிக்கச் சொன்னபோது நிம்மதியாக இருந்தது.

குறை என்றால், பூச்சு வேலைக்கு இரண்டே நாள். அதில் கை எங்கே படியும்? சைட்டில் இப்போது ஏஏசி பிளாக் என்கிற லேசான பெரிய சிமெண்ட் கல்லும் அதை ஒட்டும் பசையுமாக வேலை நடக்கிறது, இங்கே செங்கலைத் தாண்டவே இல்லை. தினப்படி தருவதாகச் சொன்னார்கள். கைக்கு வந்தது இரண்டு மாதம் கழித்து. கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களால் தாங்க முடியுமா? 22 பேர் சேர்ந்தோம், முடித்தது 13 பேர். குழந்தையை விட இடமில்லாமல் நின்றவர்கள் நான்கு பேர்.

கடைசி நாள் ஆள் எடுக்க வந்த காண்டிராக்டர் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார். என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "சித்தாள் வேலை இருக்கும்மா, வர்றியா?" என்றார். வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் எங்கள் பிளாக் அக்காவின் தங்கை வீட்டில் பாத்ரூம் சுவர் கட்டினேன். நாள் கூலி 900. சித்தாளாகப் போனால் 650. சேருகிறவர்கள் முதல் நாளே இரண்டு கேள்வி கேளுங்கள்: பிளாக் வேலை சொல்லித்தருவார்களா, பெண்களைக் கொத்தனாராக எடுக்கும் காண்டிராக்டர் யாராவது வருகிறாரா. டேப் மட்டும் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே இருப்பதில் முதல் இரண்டு அங்குலம் அழிந்துபோயிருக்கிறது.