நட்சத்திர ஒளியைப் பிரித்துக்காட்டும் சின்ன ஃபில்டர்

என் 130 மி.மீ. விட்டத் தொலைநோக்கிக்காக, மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்ட கிரேட்டிங் ஃபில்டர் (நுண்ணிய கோடுகளால் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கண்ணாடி) ஒன்று வாங்கினேன். கேமராவின் முன்னால் திருகி, வேளச்சேரி மொட்டைமாடியிலிருந்து சிரியஸைப் பிடித்தால், நட்சத்திரப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வானவில் பட்டை நீள்கிறது. அதன் சிவப்பிலும் நீலத்திலும் மெல்லிய கருங்கோடுகள்: 656, 486 நானோமீட்டர் அலைநீளத்தில் ஹைட்ரஜன் விழுங்கிய ஒளி. 8.6 ஒளியாண்டு தள்ளியிருக்கும் நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்று நம் மாடியிலேயே தெரிகிறது! திருவாதிரையில் டைட்டானியம் ஆக்சைடு என்ற சேர்மத்தின் அகலமான கரும்பட்டைகள். சூடு அதிகமானால் இந்தச் சேர்மம் உடைந்துவிடும். அது சூடு குறைந்த நட்சத்திரம் என்பதற்கு அதுவே சாட்சி.

நம்ம ஊர் விளக்கு வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் தேறாது. சரி, தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். பனியில் கண்ணாடி வேர்த்தால் மட்டும் துடைக்காதீர்கள். ஃபேன் காற்றில் உலரவிடுங்கள்.