குறுகிய கால இறையியல் சான்றிதழ்: ஆங்கில இணையவழிப் படிப்பா, மறைமாவட்டத்தின் ஞாயிறு வகுப்பா?

பதினோரு ஆண்டுகளாக ஞாயிறு திருப்பலிக்குப் பின் மறைக்கல்வி வகுப்பு எடுத்து வருகிறேன். உறுதிபூசுதல் என்னும் திருச்சடங்குக்குத் தயாராகும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பாடநூலைத் தாண்டிப் பதில் சொல்லத் தெரியாமல் நின்ற நாள்கள் கூடிக்கொண்டே போனதால்தான் முறையாக இறையியல் படிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. பள்ளி வேலையை விட்டுவிட்டுப் படிக்க இயலாது என்பதால் சான்றிதழ்ப் படிப்புகளைத் தேடினேன். முதலில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழிப் பாடங்களை ஆங்கிலத்தில் படித்தேன். அதன்பிறகு எங்கள் மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் (பிஷப்) கீழுள்ள பங்குகளின் தொகுதி, குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினருக்காகத் தமிழில் நடத்தும் இரண்டாண்டு ஞாயிறு வகுப்பில் சேர்ந்து முடித்தேன். தமிழ்நாட்டுப் பங்கு ஒன்றில் பணி செய்யப்போகிறவர் என்னிடம் கேட்டால் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். அந்தச் சாய்வோடுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டில் எதைப் படித்தாலும் கிடைப்பது பட்டம் அன்று. திருச்சபையின் அங்கீகாரம் பெற்ற இறையியல் இளங்கலைப் பட்டத்துக்கு மெய்யியலையும் சேர்த்து ஐந்தாண்டுகள் ஆகும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 229-ஆம் சட்டத்தில், அத்தகைய உயர்கல்வியைப் பெறும் உரிமை பொதுநிலையினருக்கும் உண்டு என்கிறது. ஆயினும் குடும்பத்தையும் வேலையையும் வைத்துக்கொண்டு அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் மிகச் சிலரே. சான்றிதழ் கையில் வந்துவிட்டால் பணியும் தானாக வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதம் மறைக்கல்வி ஆசிரியர் பணியை ஒரு திருப்பணியாக ஏற்படுத்தியபோதும், அதில் ஒருவரை அமர்த்தும் பொறுப்பு ஆயரிடமே இருக்கிறது. திருப்பலியில் ஆற்றும் மறையுரை (பிரசங்கம்) அருள்பணியாளருக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே உரியது என்பதையும் எந்தச் சான்றிதழும் மாற்றிவிடாது.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாலரில் கட்டுவது ரூபாயில் கட்டுவதைவிடப் பலமடங்கு அதிகம். ஆனால் பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும் மறைமாவட்ட வகுப்பின் கணக்கில் மெல்ல மெல்ல ஏறும். வசதியில் இணையவழியே முந்துகிறது என்பதும் வெளிப்படை.

ஆங்கிலப் படிப்பின் பலத்தை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. இத்தகைய படிப்புகளில் பரவலாக அறியப்பட்ட, அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழகத்தின் திட்டத்தில் ஒவ்வொரு பாடமும் மூன்று அல்லது ஐந்து வாரங்களில் முடிந்துவிடும். குறித்த நேரத்தில் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. நான் படித்த இடத்திலும் ஏறத்தாழ அதே முறைதான்: வாரந்தோறும் வாசிப்பு, அதையொட்டிச் சிறு கட்டுரை, பிறகு சக மாணவர்களின் கட்டுரைகளுக்கு மறுமொழி. இயேசு திருமுழுக்குப் பெறும் பகுதியை மாற்கு, மத்தேயு, லூக்கா மூவரும் எழுதியிருப்பதை மூன்று பத்திகளாகத் தாளில் எழுதி, ஒத்துவரும் சொற்களுக்கு ஒரு நிறமும் மாறுபடுபவற்றுக்கு வேறு நிறமும் தீட்டச் சொன்னார்கள். திருமுழுக்கு யோவான் தயங்கித் தடுக்கும் உரையாடல் மத்தேயுவில் மட்டுமே இருப்பதும், அவ்வேளையில் இயேசு இறைவேண்டல் செய்துகொண்டிருந்தார் என்பதை லூக்கா மட்டுமே சொல்வதும், இத்தனை ஆண்டுகள் இப்பகுதிகளைப் பீடத்தில் வாசிக்கக் கேட்டும் என் கண்ணில் பட்டதில்லை. நற்செய்தியாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பார்வை உண்டு என்பதை அந்த ஒரு தாள் புரியவைத்தது. வாசிப்பு ஒழுங்கிலும், கட்டுரைக்குக் கிடைக்கும் திருத்தத்திலும் தமிழ் வகுப்பு இதற்கு அருகில்கூட வரவில்லை.

அப்படியிருந்தும் நான் ஏன் மறுபக்கம் சாய்கிறேன் என்றால், காரணம் ஒன்றுதான்: படித்ததை எந்த மொழியில், யாரிடம் திருப்பிச் சொல்லப்போகிறோம் என்பது. இறையருளைப் பற்றிய ஆங்கிலப் பாடத்தை நல்ல மதிப்பெண்ணோடு முடித்த வாரத்திலேயே எங்கள் அன்பியக் கூட்டத்தில், அதாவது பங்கில் அண்டை வீட்டார் சேர்ந்து கூடும் சிறு குழுவில், அதைப் பற்றிப் பேச வாய்ப்பு வந்தது. ஆங்கிலத்தில் வாசித்ததை மனத்துக்குள்ளேயே மொழிபெயர்த்து, "அருள் என்பது கடவுள் நமக்குத் தரும் இலவசப் பரிசு" என்று தொடங்கினேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "மிக்சி, கிரைண்டர் குடுத்தாங்களே, அது மாதிரிங்களா?" என்று கேட்க, கூட்டமே சிரித்துவிட்டது. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நான் சொன்ன சொல் தமிழ்நாட்டில் இன்று தரும் பொருள் அதுதான். நானும் சிரித்துவிட்டு, மீண்டும் விளக்க முயன்று, பாதியிலேயே செபமாலைக்குப் போய்விட்டேன்.

ஓராண்டு கழித்து மறைமாவட்ட வகுப்பில் அதே பொருள் வந்தது. பாடம் எடுத்த அருள்பணியாளர் எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து, திருவிவிலியம் அங்கே 'கடவுளின் கொடை' என்று சொல்வதைக் காட்டினார். பிறகு பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததை நினைவூட்டி, அந்தக் கொடி கேட்டதா, அதற்குத் தகுதி ஏதும் இருந்ததா, பதிலுக்கு ஏதேனும் செய்ததா என்று மூன்று கேள்விகள் கேட்டார். கொடை என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கும் கனம் முழுவதும் அந்தக் கணத்தில் பாடத்துக்குள் வந்து இறங்கியது. ஆங்கிலப் பாடத்தில் நான் படித்ததில் பிழை ஏதும் இல்லை. அதை என் மக்களிடம் கொண்டுசேர்க்கும் சொல்தான் அங்கே இல்லை, இருக்கவும் முடியாது.

சொல்லின் சிக்கல் இத்துடன் முடிவதில்லை. தமிழ்க் கத்தோலிக்கருக்குத் தலைமுறைக்கு ஒரு கலைச்சொல் தொகுதி இருக்கிறது. என் பாட்டி 'இஸ்பிரித்து சாந்து' என்றார். என் அம்மா 'பரிசுத்த ஆவி' என்றார். நான் கற்பிப்பது 'தூய ஆவியார்'. ஒருமுறை அன்பியத்தில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர், "ஏம்மா டீச்சர், நாங்க சின்னதுல தேவதிரவிய அனுமானம் ஏழுன்னு மனப்பாடம் பண்ணோம். நீ அருளடையாளம்ங்கிற. அதுவும் இதுவும் ஒண்ணுதானா, இல்ல புதுசா மாத்திட்டாங்களா?" என்று கேட்டார். திருமுழுக்கு, நற்கருணை முதலான ஏழு திருச்சடங்குகளுக்கு இரு தலைமுறைகள் வைத்திருக்கும் பெயர்கள் அவை. ஒன்றுதான் என்று சொல்வது எளிது. பெயர் ஏன் மாறியது, மாறியபோது எந்தப் பொருள் முன்னுக்கு வந்தது என்று சொல்லத் தமிழ் வகுப்பு எனக்குக் கற்றுத்தந்தது. இது இன்று நேற்றுத் தோன்றிய தேவையும் அன்று. 18-ஆம் நூற்றாண்டிலேயே வீரமாமுனிவர் உபதேசியர்களுக்கென்று 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலைத் தமிழிலேயே எழுதினார். ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேசப்போகிறவர்கள் அவர்களே என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மொழியோடு ஒட்டி வருவதுதான் சூழலும். ஆங்கிலப் படிப்பில் திருச்சபையின் சமூகப் போதனையை தொழிலாளர் நிலை பற்றித் திருத்தந்தை 1891-இல் வெளியிட்ட சுற்றுமடலிலிருந்து தொடங்கி நேர்த்தியாகக் கற்பித்தார்கள். ஆனால் உரையாடலில் வந்த எடுத்துக்காட்டுகள் குடியேறிகளையும், மருத்துவமனை ஆன்மப் பணியையும், இருமொழிப் பங்குகளையும் பற்றியவை. தமிழ் வகுப்பில் இரண்டு ஞாயிறுகள் சாதியைப் பற்றியே பேசினோம். தலித் மக்களுக்கான கொள்கையை இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்டதை வாசித்த பிறகு, கலாத்தியர் திருமுகத்தின் 'யூதர் என்றும் கிரேக்கர் என்றும்' வேறுபாடு இல்லை எனச் சொல்லும் வசனத்துக்கு வந்தபோது, எங்களோடு படித்த ஒருவர் எழுந்து, தன் ஊர்க் கல்லறையில் தன் தாத்தாவை எந்தப் பக்கம் அடக்கம் செய்ய விட்டார்கள் என்று இரண்டே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை. அந்த வசனத்துக்கு எந்த உரைநூலும் எனக்கு அப்படி ஒரு விளக்கம் தந்ததில்லை.

மறைமாவட்ட வகுப்பின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும், அவை சிறியவை அல்ல. திருவிழாக் காலம் வந்தால் வகுப்பு ரத்தாகும். அறிவிப்பு சனிக்கிழமை இரவு வரும். பாடம் எடுத்தவர் ஆண்டின் நடுவில் வேறு பங்குக்கு மாற்றலானதால் பவுலின் திருமுகங்களில் பாதியை நாங்களே வாசித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. குறிப்புகள் நகலின் நகலாக, ஓரம் வெட்டுப்பட்டு வந்தன. தேர்வு பெரும்பாலும் மனப்பாடத்தையே சோதித்தது. நூலகம் என்று ஒன்று பெயருக்குக்கூட இல்லை. ஆங்கிலப் படிப்பில் பழகிய வாசிப்பு ஒழுங்கு மட்டும் இல்லாதிருந்தால் இந்த ஓட்டைகளை நான் எப்படி அடைத்திருப்பேன் என்று தெரியவில்லை. ஆகவே ஆங்கிலம் சரளமாக வாசிக்க வருகிறவர்கள், தமிழ் வகுப்பில் சேருமுன் விவிலியம் பற்றிய ஐந்து வார இணையப் பாடம் ஒன்றை மட்டும் முடித்துவிட்டு வருவது நல்லது. சான்றிதழ் முழுவதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது வழியாகத் தங்கிப் படிக்கும் குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு. 1967-இல் அருள்தந்தை அமலோற்பவதாஸின் தலைமையில் தொடங்கப்பட்ட பெங்களூரு தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையமும், அதே நோக்கத்தோடு தமிழகத்துக்கெனத் திண்டிவனத்தில் இயங்கும் நடுநிலையமும் இதில் பெயர் பெற்றவை. நான் இத்தகைய பயிற்சி ஒன்றில் மூன்று நாள்கள் மட்டுமே தங்கியிருக்கிறேன். வழிபாட்டைக் கற்க அந்தச் சூழல் ஏற்றது என்பதற்கு மேல் அந்த அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

என் சாய்வு பொருந்தாத ஆள்களும் இருக்கிறார்கள். வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஆங்கிலத் திருப்பலிப் பங்கில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தருகிறவருக்கு நான் சொன்ன காரணமே எதிர்த்திசையில் வேலை செய்யும். அவர் இணையவழிப் படிப்பையே எடுக்கட்டும். தமிழ் வகுப்பில் சேர நினைப்பவர்கள் பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆண்டில் இரண்டு பேர் அது இல்லாததால் முதல் மூன்று வகுப்புகளைத் தவறவிட்டார்கள்.