மண்வள அட்டை: உரத்துக்குக் கணக்குச் சொல்லும், மண்ணுக்குச் சொல்லாது

2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம், வயல் மண்ணைச் சோதித்து முடிவை அட்டையாகத் தருவது; உழவருக்குக் கிடைக்கும் மலிவான தொழில்நுட்பச் சேவைகளில் ஒன்று. தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்), கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், கார அமிலநிலை (pH), உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன், கரிமச்சத்து என 12 அளவுகள் ஒரே தாளில் வருகின்றன. உரம் வாங்குமுன் பார்க்க இது போதும். நிலத்தின் வளத்தை ரூபாயில் மதிப்பிட உட்கார்ந்தால்தான் குறை தெரியும்.

பலம் எங்கே என்பதை நெல்லிலேயே பார்க்கலாம். மத்திய, நீண்டகால ரகங்களுக்கான பொதுப் பரிந்துரை ஏக்கருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே சுமார் 60:20:20 கிலோ. ஒரு சத்து குறைவு என்று வந்தால் 25 சதவீதம் கூட்டி, அதிகம் என்று வந்தால் 25 சதவீதம் குறைத்து இடுவது பொதுவான கணக்கு. ரூ.266.50 விலையுள்ள 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து உண்டு. கிலோ ஏறக்குறைய ரூ.13. தழையும் மணியும் சேர்ந்த டிஏபி உர மூட்டை ரூ.1,350 என்றால், அதிலுள்ள 9 கிலோ தழைச்சத்தின் விலையைக் கழித்தபின் மணிச்சத்து கிலோ ரூ.54 அடக்கமாகிறது. வருடக்கணக்கில் டிஏபி கொட்டிய வயலில் மணிச்சத்து ‘அதிகம்’ என்று வந்தால் 5 கிலோ மிச்சம், அதாவது ரூ.270. அதே அட்டையில் தழைச்சத்து ‘குறைவு’ என்றிருந்தால் 15 கிலோ கூடுதலாக வேண்டும், ரூ.195 போய்விடும். கையில் நிற்பது ரூ.75.

இதை வைத்து அட்டையைத் தள்ளிவிட வேண்டாம். நுண்ணூட்டப் பகுதிதான் இதன் உண்மையான வருமானம். துத்தநாகம் பற்றாத வயலில் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடாமல் யூரியாவை எவ்வளவு கூட்டினாலும் பயிர் நிமிராது. அந்த ஒரு வரி அட்டையின் மற்ற வரிகளைவிடக் கூடுதல் பணம் பெறும்.

தரம் எங்கே சறுக்குகிறது? முதலில் மாதிரியில். திட்டத்தின் தொடக்க விதிப்படி பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. தமிழ்நாட்டில் சராசரிக் கைப்பற்று 2015-16 கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர். எனவே பக்கத்து வயல்காரரின் மண் உங்கள் பெயரில் அச்சாகி வர நல்ல வாய்ப்புண்டு. அக்கம்பக்கத்து அட்டைகளில் எல்லா எண்களும் அப்படியே ஒத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். நீங்களே மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள்.

எடுக்கும் முறை: வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மரநிழல், வாய்க்கால் ஓரம் தவிர்த்து, ஏக்கரில் 10 முதல் 15 இடங்களில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியின் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே தடிப்பில் மண்ணைச் சீவவேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைக்கவும். நுண்ணூட்டம் பார்ப்பதானால் மண்வெட்டி பட்ட பகுதியை மரக்குச்சியால் சுரண்டி நீக்குங்கள்; துத்தநாகம் பூசிய வாளி கூடவே கூடாது. உரச்சாக்கில் கட்டி அனுப்பிய மண்ணுக்கு வரும் முடிவு சாக்கின் முடிவு. நிழலில் உலர்த்தவும்.

இரண்டாவது சறுக்கல் அலகு. அட்டை ஹெக்டேருக்குப் பேசினால் 2.5-ஆல் வகுத்தால்தான் ஏக்கர். அப்படியே ஏக்கருக்குக் கொட்டினால் இரண்டரை மடங்கு செலவு, போதாக்குறைக்குப் பயிர் சாய்ந்து பூச்சியும் கூடும்.

இனிக் கரிமச்சத்து. 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75-க்கு மேல் அதிகம். இதை 0.1 சதவீதம் உயர்த்தினால், மேல் 15 செ.மீ. மண்ணில் ஏக்கருக்குச் சுமார் 850 கிலோ கரிமம் சேரும்; அதோடு ஏறத்தாழ 70 கிலோ தழைச்சத்தும். யூரியா விலையில் அது ரூ.900. அதிலும் ஆண்டுக்கு 2-3 சதவீதம்தான் பயிருக்கு விடுபடும், ரூ.25-க்குப் பக்கம். வண்டி வண்டியாய் எரு அடித்ததற்கு இதுவா கூலி? மானிய யூரியாவை அளவுகோலாக்கினால் எந்த நல்ல மண்ணும் பைசா பெறாது.

மதிப்பு தண்ணீரில் இருக்கிறது. ஏக்கருக்கு 5 செ.மீ. தண்ணீர் என்றால் 2 லட்சம் லிட்டர். நொடிக்கு 10 லிட்டர் இறைக்கும் டீசல் எஞ்சின் ஐந்தரை மணிநேரம் ஓடவேண்டும். மண் ஈரம் பிடித்து ஒரு பாய்ச்சல் மிச்சமானாலே மேலே கண்ட உரச் சேமிப்பை விஞ்சிவிடும். இலவச மின்சாரத்தில் இறைப்பவருக்கு இந்தச் செலவும் கண்ணில் படாது என்பது வேறு கதை.

தண்ணீர் இறங்கும் வேகமும் மண் இறுக்கமும் அட்டையில் இல்லை. இரண்டையும் புஞ்சையில் நீங்களே அளக்கலாம். 15 செ.மீ. விட்டமுள்ள குழாய்த் துண்டைப் பாதி அடித்து இறக்கி, 440 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்தபின் மறுபடி அதே அளவு ஊற்றி, இரண்டாவது முறைக்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். முதல்முறை வறண்ட மண் உறிஞ்சும் வேகம் ஏமாற்றும். இறுக்கத்துக்கு 10 செ.மீ. விட்டம், 10 செ.மீ. உயரக் குழாயில் மண்ணை எடுத்து, முழுக்க உலர்த்தி எடைபோட்டு, கிராம் எண்ணை 785-ஆல் (குழாயின் கொள்ளளவு, கன செ.மீ.) வகுக்கவும். களிமண்ணில் விடை 1.45-ஐத் தாண்டினால் வேர் திணறும்.

களர் நிலம் வைத்திருப்போர் ஒன்று கவனிக்க: கார அமிலநிலை 8.5-க்கு மேல் என்று அட்டை சொல்லும், அதைச் சீர்திருத்த எவ்வளவு ஜிப்சம் போடவேண்டும் என்பதை அந்த எண்ணிலிருந்து கணிக்க முடியாது. மாதிரி கொடுக்கும்போதே ஜிப்சம் தேவை ஆய்வைத் தனியாக எழுதிக் கேளுங்கள்.