இம்யூனோதெரபிக்குக் குடல் பாக்டீரியாவின் துணை: மலமா, மாத்திரையா, நார்ச்சத்தா?

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஒரு சோதனை எலிக்கூண்டில் தொடங்குகிறது. எலிகள் ஒரே இனம்தான், வாங்கிய இடம் மட்டும் வேறு வேறு. தோலுக்கடியில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்களைச் செலுத்தியபோது ஒரு கூட்டத்தில் கட்டி மெதுவாக வளர்ந்தது, மற்றதில் மளமளவென்று வளர்ந்தது. அடுத்த சுற்றில், புற்றுசெல்களைச் செலுத்தும் முன்பே இரு கூட்டத்தையும் ஒரே கூண்டில் வளர்த்தார்கள். எலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்னும். அவ்வளவுதான், வேகமாக வளர்ந்த கூட்டத்திலும் கட்டி மெதுவாகிவிட்டது.

புழுக்கை வழியே போய்ச் சேர்ந்தது பாக்டீரியா. குறிப்பாக பிஃபிடோபாக்டீரியம். அது இருந்த எலிகளில், எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் செல்கள் சுறுசுறுப்பாகி, எதிரியைத் தாக்கும் டி செல்களைத் தட்டியெழுப்பின. டி செல்கள் கட்டிக்குள் நுழைந்தன. இம்யூனோதெரபி என்பது நம் நோய் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பும் சிகிச்சை; அதில் இங்கே பேசும் மருந்துகள் டி செல்களின் பிரேக்கை விடுவிப்பவை. உள்ளே டி செல்லே இல்லையென்றால் பிரேக்கை விடுவித்து என்ன பயன்?

அப்படியானால் குடலை எப்படி மாற்றுவது? மூன்று வழிகள் போட்டியில் உள்ளன.

முதலாவது மல மாற்று சிகிச்சை. அருவருப்பாகத் தோன்றலாம், ஆனால் மனிதர்களில் இதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. பிட்ஸ்பர்க்கில், பிடி-1 (டி செல்லின் பிரேக்குகளில் ஒன்று) தடுப்பு மருந்துக்கு மசியாத மெலனோமா நோயாளிகளுக்கு, அதே மருந்தால் நன்கு தேறியவர்களின் மலத்தைக் கொலனோஸ்கோபி வழியே செலுத்தி மருந்தை மறுபடி கொடுத்தார்கள். 15 பேரில் 6 பேருக்குப் பலன். இஸ்ரேலில் இதேபோல் 10 பேரில் 3 பேர். இரண்டும் 2021இல் வெளியானவை. கைவிட்டுப்போன மருந்து திரும்ப வேலை செய்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. 2023இல் கனடாவில் ஆரோக்கியமானவர்களின் மலத்தை மெலனோமாவுக்கான முதல்கட்ட இம்யூனோதெரபியோடு சேர்த்தபோது 20 பேரில் 13 பேரின் கட்டி சுருங்கியது. எண்ணிக்கை சிறியது, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. ஆபத்தும் உண்டு. மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கிருமி கொடையாளர் மலம் வழியே பரவி ஒருவர் இறந்ததாக 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கடும் பரிசோதனையோடு நடக்கும் ஆய்வுகளுக்கு வெளியே இதைத் தொடவே கூடாது.

இரண்டாவது புரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரை. வாங்குவது சுலபம், விழுங்குவது சுலபம், அதனால்தான் பயமாக இருக்கிறது. 2021இல் வந்த மெலனோமா ஆய்வொன்றில், நார்ச்சத்து போதுமான அளவு சாப்பிட்டு, புரோபயாடிக் எடுக்காதவர்களே நன்றாக இருந்தார்கள். எலிகளில் கடைப் புரோபயாடிக் கொடுத்தபோது இம்யூனோதெரபியின் வேகம் குறைந்தது. ஒரே இனம் கோடிக்கணக்கில் வந்து இறங்கினால், பல இனங்கள் கூடி வாழும் குடலில் இடநெருக்கடி வரத்தானே செய்யும்! ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களின் குடல் பழைய நிலைக்குத் திரும்புவதையே புரோபயாடிக் தாமதப்படுத்தியதை 2018இல் இஸ்ரேலிய ஆய்வு காட்டியது.

ஆனாலும் எல்லா மாத்திரையையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். சிபிஎம்588 என்ற கிளாஸ்ட்ரிடியம் பியூட்டிரிகம் வகையைச் சிறுநீரகப் புற்றுநோயில் இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளோடு கொடுத்தார்கள். நோய் முற்றாமல் இருந்த காலம் 12.7 மாதம், கொடுக்காதவர்களுக்கு 2.5 மாதம். மொத்தம் 30 பேர்தான் என்பதால் பெரிய ஆய்வு தேவை. சரியான இனம், சரியான புற்றுநோய், மருத்துவரின் கண்காணிப்பு என்று வரும்போது கதை மாறலாம்.

மூன்றாவது நார்ச்சத்து. என் ஓட்டு இதற்குத்தான். மேலே சொன்ன அதே 2021 ஆய்வில், தினமும் 5 கிராம் நார்ச்சத்து கூடக்கூட, நோய் முற்றும் அல்லது இறக்கும் அபாயம் 30 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. நார்ச்சத்து உண்பவர்கள் வேறு வகையிலும் ஆரோக்கியமாக இருந்திருக்கலாம், அதனால் இதை நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பருப்பு, காய்கறி, முழுத்தானியம் எதையும் வெளியிலிருந்து குடியேற்றுவதில்லை, ஏற்கனவே இருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி போடுகின்றன. குடல் அறுவை சிகிச்சை செய்தவர்களும் குடலடைப்பு அபாயம் உள்ளவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

சிகிச்சையில் இருப்பவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவர் எடுக்கும் புரோபயாடிக்கையும் சமீபத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கையும் புற்றுநோய் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு இம்யூனோதெரபியின் பலன் குறைந்ததை 2018இல் பாரிஸ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதற்காகத் தொற்று வந்தால் ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சைக் காலத்தில் தொற்றுதான் உடனடி ஆபத்து.