தடுப்பூசிப் பாதிப்பு இழப்பீடு: நாங்கள் அமர்த்திய வழக்கறிஞர் அலுவலகம்

ஃப்ளூ தடுப்பூசிக்குப் பிறகு என் கணவர் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் மாதக்கணக்கில் அவதிப்பட்டார். அமெரிக்காவின் தேசியத் தடுப்பூசிப் பாதிப்பு இழப்பீட்டுத் திட்டத்தில் மனுச் செய்வதற்காக, இவ்வகை வழக்குகளை மட்டுமே நடத்தும் ஒரு சிறிய அலுவலகத்தை அமர்த்தினோம்.

வலி எந்த நாளில் தொடங்கியது, அதை எந்த மருத்துவரிடம் எப்போது சொன்னீர்கள் என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. 2017 முதல் தோள்பட்டைக் காயம் திட்டத்தின் அட்டவணையில், அதாவது தடுப்பூசியால் வந்ததாகக் கருதப்படும் பாதிப்புகளின் பட்டியலில், இருக்கிறது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, அதற்கு முன் அந்தத் தோளில் கோளாறு ஏதும் இல்லாமலிருந்து, பாதிப்பு ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்திருந்தால், ஊசிதான் காரணம் என்று நிரூபிக்கும் சுமை பெரிதும் குறைகிறது. ஆகவே இயன்முறைச் சிகிச்சைக் குறிப்புகள் உட்பட எல்லாப் பதிவுகளையும் வரவழைத்து வரிவரியாகப் படித்தார்கள். ஒரு குறிப்பில் 'சில வாரங்களாக வலி' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து, அதனால் வரக்கூடிய ஐயத்தைப் போக்க எங்களிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி மனுவோடு இணைத்தார்கள். இந்த உழைப்புக்காகவே அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

கட்டணத்துக்கு அஞ்சிப் பலர் தயங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. இத்திட்டத்தில் வழக்கறிஞர் இழப்பீட்டில் பங்கு கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் தொடுத்த வழக்கு தோற்றாலும், தடுப்பூசிகள் மீதான கலால் வரியால் திரளும் நிதியிலிருந்தே கட்டணம் வழங்கப்படலாம். வலிக்கும் வேதனைக்குமான தொகைக்கு 2,50,000 டாலர் உச்சவரம்பு என்பதையும், எங்கள் வழக்கு அதை நெருங்காது என்பதையும் முன்னதாகவே சொல்லிவிட்டார்கள்.

கோவிட் தடுப்பூசி பற்றி உறவினர் ஒருவருக்காகக் கேட்டபோது, அது ஓராண்டுக் காலவரம்பு கொண்ட வேறொரு திட்டம், அதில் வழக்கறிஞர் கட்டணமும் கிடைக்காது என்று விளக்கி, அதை ஏற்க மறுத்தார்கள்.

குறை என்றால், மனுத் தாக்கலுக்குப் பின் நாங்களாகக் கேட்டாலொழியத் தகவல் வரவில்லை. இவ்வழக்குகளை விசாரித்து முடிவு செய்யச் சட்டம் அனுமதிப்பது எட்டுச் சிறப்பு நடுவர்களை மட்டுமே என்பதால் தாமதம் புரிகிறது. ஆனால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அவ்வப்போது இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

ஆயினும் இவர்களையே பரிந்துரைப்பேன். இத்திட்டத்தில் மனுச் செய்வதற்கான மூன்றாண்டுக் காலவரம்பு, நோய்க்குப் பெயர் தெரிந்த நாளிலிருந்து அல்லாமல், முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது என்பதால், சிகிச்சை முடியட்டும் என்று காத்திராமல் இப்போதே அணுகுங்கள்.