வி-சிங்க்கா, விஆர்ஆரா: எதில் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும்?

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.67 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை திரையைப் புதுப்பிக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு அந்தத் தாளம் கிடையாது. ஒரு ஃபிரேம் (ஆட்டத்தின் ஒரு முழுப் படம்) தயாராக 14 மி.செ. எடுக்கும், அடுத்தது 19. திரை பாதி வரைந்திருக்கும்போது புது ஃபிரேம் நுழைந்தால் படம் குறுக்கே கிழிந்து தெரியும்.

வி-சிங்க், அதாவது ஃபிரேமைத் திரையின் தாளத்தோடு இணைக்கும் அமைப்பு, கார்டைக் காக்கவைக்கிறது. கிழிசல் போய்விடும். ஆனால் 17 மி.செ. எடுத்த ஃபிரேம்கூட அடுத்த சுற்றுக்கு, அதாவது 33.3 மி.செ.க்குத் தள்ளப்படும். இரட்டை பஃபரில் (ஒரு ஃபிரேம் திரையில், இன்னொன்று தயாரிப்பில்) 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) சட்டென்று 30-க்கு விழுவது இதனால்தான். மவுஸ் அசைவும் பிந்தியே திரைக்கு வரும்.

விஆர்ஆரில் (திரையின் புதுப்பிப்பு வேகம் மாறிக்கொண்டே இருக்கும் முறை; ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் இதன் வகைகள்) காத்திருப்பது மானிட்டர். ஃபிரேம் தயாரானதும் திரை புதுப்பிக்கும், 17 மி.செ. 17 ஆகவே தெரியும். எஃப்பிஎஸ் 50-க்கும் 90-க்கும் இடையே ஊசலாடும் ஆட்டங்களுக்கு இதற்கு இணை இல்லை.

ஆனால் அதன் வரம்பைப் பாருங்கள். 48–144 ஹெர்ட்ஸ் என்றிருந்தால், எஃப்பிஎஸ் 144-ஐத் தாண்டியதும் விஆர்ஆர் வேலை செய்யாது. ஆகவே எஃப்பிஎஸ் உச்சவரம்பை 141-ல் வையுங்கள். விஆர்ஆரை மானிட்டரின் மெனுவிலும் கார்டின் டிரைவர் மென்பொருளிலும் தனித்தனியாக இயக்க வேண்டும். ஒன்றை மறந்துவிட்டு பலனில்லை என்பவர்கள் நிறைய. சில விஏ, ஓஎல்இடி வகைத் திரைகளில் இருண்ட காட்சிகள் மினுக்கும். ஷேடர் தொகுப்பால் (படம் வரையும் சிறு நிரல்களை ஆட்டத்தின் நடுவே கார்டுக்கு ஏற்ப மாற்றுவதால்) வரும் திக்கலை இரண்டுமே தீர்க்காது.

விஆர்ஆர் இல்லாத மானிட்டரா? கார்டு 60-ஐ எப்போதும் தாண்டும்படி நிழல் தரத்தைக் குறைத்து, வி-சிங்க் போடுங்கள்.