வேப் பேட்டரியை வீட்டில் சார்ஜ் செய்வது: தனி சார்ஜருடன் சில வருட அனுபவம்

இது இங்கிலாந்தில் இருந்து எழுதுவது. வேப் என்கிற இ-சிகரெட்டுக்கு இந்தியாவில் 2019லேயே தடை வந்துவிட்டது, சிங்கப்பூரிலும் தடைதான். சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் இதைத் தொடவும் வேண்டாம். நிகோட்டின் எந்த வழியாக வந்தாலும் பிடித்துக்கொள்ளும். சிகரெட்டை விடுவதற்காக இதற்கு மாறி, கையில் பேட்டரியோடு நிற்கிறவர்களுக்குத்தான் இந்தப் பகிர்வு.

என்னிடம் இருப்பது இரண்டு பேட்டரி போடும் பெரிய வகை, இங்கே மாட் என்பார்கள். உள்ளே போவது 18650 லித்தியம் செல்: குறுக்கே 18 மில்லிமீட்டர், நீளம் 65. டார்ச் லைட்டிலும் பழைய லேப்டாப் பேட்டரிகளிலும் இருப்பது இதே அளவுதான். மாட்டின் அடியில் ஒரு யூ.எஸ்.பி. துளை உண்டு. வாங்கிய புதிதில் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த தம்பி ஒருவன், "அண்ணா, அதான் ஓட்டை இருக்கே, அதுல சொருக வேண்டியதுதானே, எதுக்குத் தனியா சார்ஜர்?" என்று கேட்டான். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தத் துளையில் வேப் திரவம் கசிந்து இறங்கும், நாளாக ஆக இணைப்பும் ஆடத் தொடங்கும். அதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் இரண்டு செல்லும் ஒரே அளவுக்கு ஏறுகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் அந்தத் துளையை நான் பயன்படுத்துவதே இல்லை.

வாங்கிய தனி சார்ஜர் நைட்கோர் டி4. நான்கு செல் போடலாம். ஒவ்வொன்றின் வோல்டேஜும் திரையில் தனித்தனியாகத் தெரியும். நான்கும் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 375 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் போகும், இரண்டு போட்டால் 750. இன்றைய கணக்கில் இது மெதுவானதுதான். 3000 எம்.ஏ.எச். (செல்லின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) செல் இரண்டைப் போட்டால் நாலரை, ஐந்து மணி நேரம் ஆகிவிடும். எனக்கு அந்த மெதுவே பிடித்திருக்கிறது. செல் கையில் லேசான வெதுவெதுப்புக்கு மேல் போவதில்லை. 4.2 வோல்ட் வந்ததும் தானாக நின்றுவிடுகிறது. வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் வைத்து அவ்வப்போது சரிபார்ப்பேன், 4.18க்கும் 4.20க்கும் நடுவில்தான் காட்டும். அவசரம் என்றால் இன்னொரு ஜோடி செல் வைத்துக்கொள்வது மேல். வேகமான சார்ஜர் தேடுவது வீண்.

ஆனால் சார்ஜரை மட்டும் நல்லதாக வாங்கி, செல்லில் கஞ்சத்தனம் பார்த்தால் பயனில்லை. இணையத்தில் 9900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டு 18650 விற்கிறார்கள். அந்த அளவில் அப்படி ஒரு செல்லே கிடையாது. சோனி வி.டி.சி.6 தருவது 3000 எம்.ஏ.எச்., சாம்சங் 25ஆர் தருவது 2500. ஒருமுறை இணைய விற்பனையாளர் ஒருவரிடமிருந்து வந்த செல்லைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நல்ல செல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். வந்தது அதைவிட ரொம்பவே இலேசாக இருந்தது, அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். அப்புறம் வேப் கடையில் நேரில் போய் வாங்குவதுதான் வழக்கம். இரண்டு செல்லையும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகவே பயன்படுத்தி, ஒன்றாகவே சார்ஜ் செய்கிறேன். பேனாவால் 'அ1', 'அ2' என்று எழுதி வைத்திருப்பதால் குழப்பமில்லை.

பெரும்பாலானோர் கவனிக்காத இடம் செல்லின் மேலுறை. இந்தச் செல்லில் நெகட்டிவ் என்பது அடிப்பக்கம் மட்டுமல்ல. சுற்றியுள்ள உலோக உடல் முழுக்கவே நெகட்டிவ். மேலே பாசிட்டிவ் முனையைச் சுற்றி ஒரு சின்ன வளையம், அதன் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான் இரண்டுக்கும் இடையே உள்ள தடுப்பு. மாட்டில் போட்டு எடுக்கும்போது அந்த விளிம்பில்தான் கிழியும். கிழிசல் தெரிந்தால் அந்தச் செல்லைச் சார்ஜரில் வைக்க மாட்டேன். புது உறை சில பென்ஸ்தான். மாட்டிவிட்டு ஹேர் டிரையர் காட்டினால் சுருங்கி இறுக்கிக்கொள்ளும். உடம்பே நசுங்கியிருந்தாலும், வோல்டேஜ் 2.5க்குக் கீழே போயிருந்தாலும் உறை மாற்றிப் பயனில்லை. அது குப்பைக்குத்தான், அதுவும் வீட்டுக் குப்பைக்கு அல்ல.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரையிலான 195 இ-சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் தொகுத்திருக்கிறது. சார்ஜ் செய்யும்போது நடந்தவை 48. சட்டை, பேண்ட் பையில் இருந்தபோது நடந்தவை 61. அதாவது வீட்டில் அத்தனை கவனமாகச் சார்ஜ் செய்துவிட்டு, உதிரி செல்லைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பையில் போட்டால் எல்லாம் போச்சு. செல் வைக்கும் பிளாஸ்டிக் டப்பா ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டுக்குக் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் சார்ஜருக்கு முன்னால் அதை வாங்குங்கள் என்பேன்.

சார்ஜரை வைப்பது சமையலறை மேடையில், ஒரு டைல்ஸ் துண்டின் மேல். படுக்கை, சோபா பக்கம் வைப்பதில்லை. வாசலுக்குப் போகிற வழியிலும் வேண்டாம், தீப்பிடித்தால் ஓடும் வழியே அடைபடும். நான் விழித்திருக்கும்போது மட்டும்தான் சார்ஜ் ஓடும். செல் உஸ்ஸென்று சத்தம் போட்டாலோ புகைந்தாலோ கையால் தூக்கிப் போடும் வீரமெல்லாம் வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி இங்குள்ள அவசர எண் 999ஐ அழைப்பதுதான் வழி. குளிர்காலத்தில் இன்னொன்று: இரவு முழுக்கக் காரில் கிடந்து உறைந்த செல்லை எடுத்து வந்து உடனே சார்ஜில் போடக் கூடாது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் வெளியே தெரியாது. அறையின் சூட்டுக்கு வரட்டும், அப்புறம் போடலாம்.

பேட்டரியைக் கழற்ற முடியாத சின்ன பாட் வகை வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, யூ.எஸ்.பி.தான். கையேட்டில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தால் அதற்கேற்ற பழைய போன் சார்ஜரே போதும். விலை மலிந்த சில கருவிகள் இரு பக்கமும் டைப்-சி உள்ள ஒயரில் சார்ஜே ஆகாது. ஒரு பக்கம் பழைய செவ்வக யூ.எஸ்.பி. முனை உள்ள ஒயரில் ஆகும். கருவி கெட்டுவிட்டதென்று நினைத்துவிட வேண்டாம்.

சென்னைக்கு விடுமுறையில் போகும்போது மாட்டையும் செல்லையும் இங்கேயே விட்டுவிடுவேன். அங்கே சட்டப்படி அனுமதி இல்லை. செல்லை முழுதாக ஏற்றாமல் 3.7 வோல்ட் அளவில் டப்பாவில் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது அப்படியே இருக்கும்.

உயிர்விட்ட செல்லுக்கு வழி இருக்கிறது. ஆண்டுக்கு 32 கிலோவுக்கு மேல் பேட்டரி விற்கும் கடைகள் இங்கே பழையதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாக வேண்டும் என்பது சட்டம், அதனால் பெரிய சூப்பர்மார்க்கெட் வாசலில் பெட்டி இருக்கும். போடுவதற்கு முன் இரண்டு முனையிலும் டேப் ஒட்டிவிடுங்கள்.